கதவைத் திறந்தால் தெரியும் நிறம்

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது என்று முடிவானதும் பேச்சு அறை அறையாகத்தான் நடக்கும். ஹாலுக்கு என்ன கலர், பெரியவள் அறைக்கு என்ன கலர், சமையலறையில் எது அழுக்கு காட்டாது. ஷேட் கார்டு கைமாறிக்கொண்டே இருக்கும். அவரவர் தன் அறைக்கு ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேலை முடிந்து சாமான்களை உள்ளே நகர்த்திய பிறகுதான் விஷயம் புரியும். அட்டையில் தனித்தனியே அழகாக இருந்த நான்கு நிறங்களும், சோபாவில் உட்கார்ந்தால் ஒரே பார்வையில் விழுந்து ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பகல் முழுக்க அறைக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. திறந்த கதவு வழியே அடுத்த அறைச் சுவரின் ஒரு துண்டு எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டின் நிறங்கள் ஒத்துப்போகின்றனவா இல்லையா என்பது அந்தத் துண்டில்தான் தீர்மானமாகிறது என்பது என் கட்சி. அறைகளுக்குள் என்ன நிறம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஓவியர் கிளாட் மோனே இதை நன்றாக அறிந்திருந்தார். 1883-இல் அவர் குடியேறிய ஜிவெர்னி வீடு இன்றும் பார்வைக்கு இருக்கிறது. சாப்பாட்டு அறையில் சுவர், அலமாரி, நாற்காலி எல்லாமே இரண்டு வகை மஞ்சள். அதை ஒட்டிய சமையலறை நீலம், சுவரெல்லாம் ரூவான் நகரத்து நீல வெள்ளை ஓடுகள். தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டு அறையுமே கொஞ்சம் மிகைதான். ஆனால் மஞ்சள் அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக் கதவு வழியே ஒரு நீலப் பட்டை தெரிகிறது. அந்த நீலம் இல்லாவிட்டால் மஞ்சள் சீக்கிரம் திகட்டிவிடும். மஞ்சள் இல்லாவிட்டால் நீலம் வெறும் சமையலறை ஓடுதான். இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே படமாக யோசித்தவரின் வேலை அது.

மோனேவின் தலைமுறை ஓவியர்களுக்கு இந்த அறிவு வந்த வழிகளில் முக்கியமானது ஒரு வேதியியலாளரின் புத்தகம். மிஷெல் யூஜின் ஷெவ்ரல் 1824-இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே நெசவாளர்களிடமிருந்து ஒரு புகார் இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்யும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்றார்கள். ஷெவ்ரல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1839-இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது என்பதை விதியாகவே நிறுவியது.

அந்த நூலில் வீட்டுக்காரர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி வேறொன்று. பக்கத்தில் இருக்கும் நிறம் மட்டுமல்ல, சற்று முன் பார்த்த நிறமும் இப்போது பார்ப்பதை மாற்றும் என்று அவர் காட்டினார். சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெள்ளைக்குத் திரும்பினால் அந்த வெள்ளையில் பச்சை படர்ந்து தெரியும். வீட்டுக்குள் நாம் செய்வது இதைத்தானே. அடர்ந்த ஆரஞ்சுச் சுவர் உள்ள அறையில் அரை மணி நேரம் இருந்துவிட்டு நடைக்கு வந்தால், அங்கே அடித்திருக்கும் ஐவரி சோகை பிடித்தாற்போல் தோன்றும். ‘இந்த பெயின்ட் மட்டமானது’ என்று பெயின்டரைக் கூப்பிட்டுக் கேட்போம். குற்றம் பெயின்டில் இல்லை, வந்த வழியில் இருக்கிறது.

மரச் சாமான்களைப் பற்றியும் ஷெவ்ரல் எழுதியிருக்கிறார். மகாகனி நாற்காலிக்குச் செக்கச்சிவந்த துணி போடுவது அன்றைய பாரிஸில் நாகரிகமாக இருந்தது. துணியின் சிவப்பு மரத்தின் சிவப்பை விழுங்கிவிடுகிறது, விலையுயர்ந்த மகாகனி சாதாரண மரம்போல் ஆகிவிடுகிறது என்றார் அவர். நம்மூரில் இதற்கு நேர் உதாரணம் தேக்கு நிலை. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தேக்கில் நிலையும் கதவும் போட்டு, மெருகேற்றி, அதைச் சுற்றி செங்கல் சிவப்பிலோ ஆரஞ்சிலோ சுவரை அடித்துவிடுகிறார்கள். மரம் செத்துப்போகிறது. அதே நிலையைச் சுற்றி சாம்பல் கலந்த பச்சையோ மங்கிய நீலமோ இருந்தால் தேக்கின் பொன்னிறம் எழுந்து வரும்.

அறைகளை இணைப்பதைப் பற்றி உலகத்தில் மூன்று வழி நடைமுறையில் இருந்திருக்கிறது. முதல் வழி, வீடு முழுக்க ஒரே நிறம். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் ஒப்படைக்கும் ஐவரி வீடுகள் இதன் மலிவான வடிவம். சிறந்த வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு போக வேண்டும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 33-ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ஒன்றாக்கி வாழ்ந்தார். சுவர் வெள்ளை, தரையும் வெள்ளை. எங்கே ஒரு வீடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே தெரியாது. ஆனால் அது வெறும் வெள்ளை வீடு அல்ல. முற்றங்களின் வெளிச்சம், செடி, டொனால்ட் ஃப்ரெண்ட் தீட்டிய கதவு, பழைய மரத்தூண் எல்லாம் சேர்ந்து அந்த வெள்ளையை இடத்துக்கு இடம் வேறாக்குகின்றன. வெளிச்சம் ஒரே மாதிரி விழும் வீட்டில், பொருட்களும் அழுத்தமாக இல்லாதபோது, ஒரே நிறக் கொள்கை ஆஸ்பத்திரி வார்டில் போய் முடிகிறது. பலருடைய ஐவரி வீடு அலுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி, அறைக்கொரு நிறம். அமெரிக்க வெள்ளை மாளிகையில் பச்சை அறை, நீல அறை, சிவப்பு அறை மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. நீல அறைக்கு நீலம் வந்தது 1837-இல் மார்ட்டின் வான் பியூரன் காலத்தில். ஒவ்வொன்றும் தன் நிறத்தில் முழுசாக மூழ்கியிருந்தும் வரிசை குலைவதில்லை. கூரை உயரம், கதவு, வெண்ணிற மரவேலை மூன்றும் அறைக்கு அறை மாறாமல் வருகின்றன. நம் 10 அடிக்கு 11 அடி படுக்கையறைகளில் இந்த வழியைப் பின்பற்றும்போது இந்தப் பொதுச் சரடைத்தான் மறந்துவிடுகிறோம். சுவர் நிறம் மாறுகிறது, அத்தோடு திரைச்சீலை, அலமாரி லேமினேட், கதவின் நிறம், ஸ்விட்ச் போர்டு வரை எல்லாமே மாறிவிடுகின்றன.

மூன்றாவது வழி, குறைந்த நிறங்களை முன்னதாகவே தேர்ந்து வைத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே புழங்குவது. லெ கொர்பூசியே 1931-இல் சலுப்ரா என்ற சுவர்த்தாள் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தொகுத்தார், 1959-இல் இன்னும் 20. எதை எதோடு வைத்தாலும் அதிகம் கெடாத நிறங்கள் அவை. துளையிட்ட அட்டையைத் தொகுப்பின் மேல் வைத்தால் சில நிறங்களின் சேர்க்கை மட்டும் தனியே தெரியும்படி ஓர் உத்தியும் வைத்திருந்தார். இன்றைய ஷேட் கார்டில் ஆயிரத்துக்கு மேல் நிறங்கள் இருக்கும் நிலையில் இதுவே புத்திசாலித்தனமான வழி என்று நினைக்கிறேன். முழு வீட்டுக்கும் ஐந்து நிறம் போதும். அதற்குமேல் ஒன்றைச் சேர்க்க ஆசை வந்தால் இருப்பதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

அலங்காரத் தொழிலில் இருப்பவர்கள் 60–30–10 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அறையில் 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு எடுப்பான நிறம். ஓர் அறைக்கு இது பழுதில்லை. அறைகளை இணைக்க வேண்டுமானால் இதையே கொஞ்சம் சுற்றிவிட வேண்டும். ஹாலில் மெத்தை உறையாகவும் படச் சட்டமாகவும் 10 பங்கு வந்த மயில் நீலம், படுக்கையறையில் 30 பங்காகத் திரைச்சீலையிலும் படுக்கை விரிப்பிலும் வரலாம். ஹாலின் 60 பங்கு சந்தன நிறம் அங்கே சின்னதாக மேசை விளக்கில் ஒதுங்கலாம். அதே நிறங்கள்தான், அளவு மட்டும் மாறுகிறது. வீடு ஒரு குடும்பமாகத் தெரியும், அறைகள் ஒன்றின் நகலாக இன்னொன்று ஆகாது.

ஒத்துப்போக வேண்டும் என்ற ஆசை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை அடால்ஃப் லோஸ் 1900-லேயே ஒரு கதையாக எழுதிவிட்டார். பணக்காரர் ஒருவர் கட்டடக் கலைஞரிடம் வீட்டை ஒப்படைக்கிறார். சாம்பல் கிண்ணம் வரை எல்லாம் அவர் வடிவமைத்தபடி. ஒருநாள் வீட்டுக்காரரின் செருப்பைப் பார்த்து கலைஞர் கோபப்படுகிறார். அந்தச் செருப்பும் அவர் வடிவமைத்ததுதான், ஆனால் படுக்கையறைக்காக. அதைக் கூடத்துக்குப் போட்டு வந்ததால் கூடத்தின் நிறம் கெட்டுவிட்டதாம். கடைசியில் பிறந்தநாள் பரிசைக்கூட வீட்டில் வைக்க இடமில்லாமல் அந்த மனிதர் நொந்துபோகிறார். இன்டீரியர் நிறுவனம் முடித்துக் கொடுத்த வீட்டில் பேரன் வரைந்த படத்தை ஒட்ட இடம் தேடும் தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்த பித்தளை விளக்கு, சொந்த ஊரிலிருந்து வந்த ஊஞ்சல் பலகை, கல்யாணப் போட்டோ எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் நிறத்திட்டம்தான் வீட்டுக்கு உகந்தது.

இத்தனை வழிகளையும் பார்த்த பிறகு, நம் வீட்டுக்கு எங்கே தொடங்குவது? தரையில். சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம், திரைச்சீலையை நினைத்தபோது மாற்றலாம். தரையை உடைக்க யாருக்கும் மனம் வராது. எல்லா அறையையும் தொட்டுக்கொண்டு ஓடுவதும் அது ஒன்றுதான்.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் கொல்லை வாசல் வரை நேர்கோட்டில் பார்வை போகும்படி நிலைகள் அமைந்திருக்கும். அந்த நீண்ட பார்வையில் பர்மா தேக்கின் பழுப்பும் சுண்ணாம்புப் பூச்சின் வெண்மையும் திரும்பத் திரும்ப வரும். மாறுவது தரை. ஓரிடத்தில் பூ, இன்னோரிடத்தில் கட்டம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் இந்தத் தரைக்கல்லை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ உலோக அச்சை இறக்குவார்கள். ஒவ்வொரு கண்ணறையிலும் அதற்குரிய நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்ல மேலே தூக்கியதும் நிறங்கள் கலக்காமல் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு கலவையைப் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை விட்டுப் பிரியும்போதே மேற்பரப்பு பளபளவென்று வரும். விரிக்கும்போது நடுவில் பூக்கல், சுவரோரம் கரைக்கல். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருந்தும் ஒட்டிப் பிறந்தாற்போல் இருக்குமே, அந்தக் கரையின் வேலையைத்தான் தரையில் இந்த ஓரக்கல் செய்கிறது.

இன்றைய வீடுகளில் பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல். அறைக்கு ஒரு டிசைன் எடுக்கும் ஆசையைக் கட்டும்போதே அடக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஹால், நடை, படுக்கையறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே டைல், ஈரம் புழங்கும் இடங்களுக்கு மட்டும் சொரசொரப்பான வேறு வகை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பழைய காவித் தரை இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவித் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும். நீலம் கலந்த வெள்ளை அங்கே ரோஸாகிவிடும். மஞ்சள் சாய்வுள்ள வெள்ளையோ வெளிர் பச்சையோ அந்தத் தரைக்கு நன்றாக உட்காரும்.

தரைக்கு அடுத்தது வெளிச்சம். இங்கேதான் இறக்குமதி அறிவுரைகள் நம்மை ஏமாற்றுகின்றன. வடக்கு பார்த்த அறை குளிர்ந்த வெளிச்சம் உடையது, அதற்கு மஞ்சள், பீச் மாதிரி சூடான நிறம் வேண்டும் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதும். லண்டனுக்கு அது சரி. சென்னை இருப்பது 13 பாகை வட அகலாங்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குள் வெயிலே நேராக எட்டிப் பார்க்கும். தெற்கே போகப்போக இந்தக் காலம் இன்னும் நீளும். மேற்கு பார்த்த அறையில் மே மாதம் நாலு மணிக்கு மஞ்சள் சுவரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கண் கூசும். அங்கே சாம்பல் சாய்ந்த பச்சையும் நீலமும் ஆறுதல். இன்னொன்று பக்கத்து வீடு. சந்துக்கு அந்தப்புறம் ஐந்தடியில் அவர்கள் வெளிச்சுவருக்குப் பளிச்சென்ற பச்சை அடித்திருந்தால், நம் ஜன்னல் வழியே வருவதும் பச்சை வெளிச்சம்தான். ஷேட் கார்டு அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இரவில் கணக்கு மறுபடியும் மாறும். ஹாலில் 6500 கெல்வின் வெள்ளை டியூப், படுக்கையறையில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு என்று இருந்தால், இரண்டு அறைக்கும் ஒரே டப்பாவிலிருந்து அடித்த ஐவரி இரண்டு நிறமாகத் தெரியும். கதவு திறந்திருக்கும்போது அந்த வேறுபாடு முகத்தில் அடிக்கும். ஒரே பார்வையில் விழும் அறைகளுக்கு ஒரே வகை விளக்கைப் போட்டாலே, புதிதாகப் பெயின்ட் அடிக்காமல் வீடு ஒன்றுகூடிவிடும். கடை விளக்கில் சுவரோடு பொருந்திய திரைச்சீலை வீட்டில் பொருந்தாமல் போவதும் இதனால்தான். சில சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரியும். பட்டுப் புடவையைக் கடை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வாங்கும் நம் பெண்களுக்கு இது தெரியாததல்ல. திரைச்சீலைக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

நல்ல ஷேட் கார்டுகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கான அளவு அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நிறம் வேறாக வேண்டுமானால் இந்த எண்ணையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 60 உள்ள பச்சையும் 62 உள்ள பீச்சும் சமாதானமாக இருக்கும். 60-க்கும் 15-க்கும் நடுவே கதவைத் திறந்தால் அங்கே குகை வாசல்தான் தெரியும். எண் கிடைக்கவில்லை என்றால் அட்டைகளைச் சேர்த்து வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் போதும், எது தனியாக இருண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

நிறத்துக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நீலம் அமைதி தரும், சிவப்பு பசியைத் தூண்டும் என்றெல்லாம். 1979-இல் அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறையறை ஒன்றுக்கு ஒரு வகை ரோஸ் நிறம் அடித்து, கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்றார்கள். பல சிறைகள் அதைப் பின்பற்றின. பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது அப்படி ஒரு விளைவும் தென்படவில்லை. வாஸ்து வேறு தளம், அது நம்பிக்கை. தென்கிழக்குக்குச் செம்மை, வடகிழக்குக்கு வெளிர் நிறம் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், அந்த நிறத்தைச் சுவர் முழுக்க அப்பாமல் திரைச்சீலையிலோ ஒரு மாடத்திலோ வைத்தாலும் அவர்கள் மனம் நிறையும், வீட்டின் ஒழுங்கும் கெடாது.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது வயதானவர்களின் கண். வயது ஏற ஏறக் கண் வில்லை மஞ்சளிக்கிறது. வெளிர் நீலத்துக்கும் வெளிர் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. வீடு முழுக்க இழைகிற மாதிரி ஒரே வெளிர் நிறம் என்பது அலங்காரப் படங்களில் அழகாக இருக்கும். எழுபது வயது அம்மா இரவில் எழுந்து போகும்போது, தரையும் படியும் ஒரே நிறம், குளியலறைக் கதவும் சுவரும் ஒரே நிறம் என்றால் அது ஆபத்து. படி விளிம்பு, கதவு, கைப்பிடி, ஸ்விட்ச் ஆகியவை சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரிந்து தெரியத்தான் வேண்டும். இந்த இடத்தில் ஒத்துப்போவதை விட்டுக்கொடுக்க நான் தயங்க மாட்டேன்.

எல்லாம் யோசித்து முடித்த பிறகும், வேலை நடக்கும் நாளில் ஒரு கேள்வி வரும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரோலரால் பெரிய பரப்பை முடித்துவிட்டு, கட்டிங் போடப் பிரஷ்ஷை எடுத்த பெயின்டர் நிலைக்குப் பக்கத்தில் நின்று கேட்பார்: “அம்மா, இந்த ஓரம் ஹால் கலரா, ரூம் கலரா?” அடுப்பில் வேலையாக இருப்பவர், “எதாவது ஒண்ணு அடிச்சிடுங்கண்ணே” என்பார். அந்த ‘எதாவது ஒண்ணு’தான் பல வருடம் கண்ணை உறுத்தப் போகிறது. 9 அங்குலச் சுவரில் நிலைச்சட்டம் போக மிச்சம் இருக்கும் நாலைந்து அங்குலம், எந்த அறைப் பக்கம் இருக்கிறதோ அந்த அறையின் நிறத்தில் முடிய வேண்டும். நிறம் மாறும் இடம் நிலைச்சட்டமாகவே இருக்கட்டும். நிலை இல்லாத திறப்பு, வளைவு என்றால் அந்தச் சுவர்த் தடிமன் முழுவதையும் இரண்டில் வெளிர் நிறத்துக்குக் கொடுத்துவிட்டு, அடர் நிறத்தை அந்தப்புற மூலையோடு நிறுத்த வேண்டும். கதவுப் பலகைக்கு வீடு முழுக்க ஒரே நிறம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவர் கையில் இல்லை. வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்ததுதான். ஆனால் துணி நம்முடையது. பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளில் இரண்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டு, ஹாலில் அதை விரித்து, அதே இரண்டில் ஒன்றைச் சென்னிமலைப் போர்வையாக உள்ளறைக்குக் கொண்டுபோகலாம். பத்தமடைப் பாய் எந்தச் சுவரோடும் பகை கொள்ளாது. எல்லா ஜன்னலுக்கும் ஒரே திரைச்சீலை போடுவது மட்டுமே கலைந்து கிடக்கும் சுவர் நிறங்களைப் பாதி அடக்கிவிடும். அடுத்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

பெயின்ட் வேலை முடிகிற அன்று, காலி டப்பாக்களை வெளியே போடுமுன் மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணையும் எந்த அறை என்பதையும் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்துவிடுங்கள். ஓர் அறைக்கு வேண்டியதை இரண்டு தடவையாகக் கலக்கி வாங்கியிருந்தால் அடிக்கும் முன் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். இயந்திரம் கலந்ததென்றாலும் டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் வரும், சுவரின் நடுவே அது கோடாகத் தெரியும். மீந்ததில் அரை லிட்டரை இறுக மூடி லாஃப்டில் வைத்தால், ஆணி பிடுங்கிய இடத்துக்கு டச்சப் செய்ய ஆகும்.